தரையில் சிந்திய சோறு

ஃபோங் அக்கா ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் கட்டிலைப் பார்க்க மாட்டாள். கதவின் மேல் விளிம்பில் விரலை ஓட்டுவாள். விரலில் தூசி ஒட்டியதோ, அந்த அறையைச் சுத்தம் செய்த பெண் அன்றைக்குத் தொலைந்தாள். பிறகு குளியலறைக்குப் போய் தண்ணீர் போகும் ஓட்டைக்கு நேராகக் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். கட்டில் அதற்கப்புறம்தான். மெத்தையின் மூலையைத் தூக்கி, விரிப்பை எப்படி மடித்துச் செருகியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். ஈப்போவில் எங்கள் ஹோட்டலுக்கு இருநூற்றுப் பத்து அறைகள். பத்தொன்பது வயதில் அறை கூட்ட வந்தவள், இப்போது ஐம்பத்தெட்டு வயதில் மேற்பார்வையாளர். நான் கீழே சலவைப் பிரிவில் இருக்கிறேன். மேலிருந்து அவள் அனுப்பும் அழுக்கையெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக வெளுத்துக் கொடுப்பவள் நான்தான்.

முழுப்பெயர் லியோங் ஸாவ் ஃபோங். நான் அக்கா என்பேன். அவள் என்னைத் தங்கச்சி என்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. மற்றபடி எங்கள் பேச்சு பாதி மலாய், பாதி கான்டனீஸ், சண்டை வந்தால் இரண்டும். ஐம்பத்து நாலு வயதில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. அதனாலேயே அவளிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய அப்பா கம் வா, கஞ்சிக்காரர். சந்தைக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் நாற்பது வருஷம் பன்றிக் கறிக் கஞ்சியும் மீன் கஞ்சியும் விற்றவர். எனக்கு அவர் அங்கிள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார். மேசையில் ஒரு சொட்டு விழாது. வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் கிண்ணத்தில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் போதும், தன் கன்னத்தில் விரல் நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டுவார். நீ விட்டுவைக்கிற ஒவ்வொரு பருக்கையும் நாளைக்கு உன்னைக் கட்டிக்கப்போகிறவன் மூஞ்சியில் ஒரு குழி என்று அர்த்தம். சீனர் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இந்த மிரட்டலைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

அக்கா கட்டிக்கொண்ட லாரி டிரைவர் கியோங்குக்கு இரண்டு கன்னமும் பருத் தழும்பு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றதும், அங்கிள் அத்தனை பேர் முன்னாலும் மகளைத் திரும்பிப் பார்த்து, "அப்பவே சொன்னேன்ல? கிண்ணத்த வழிச்சுத் தின்னு, வழிச்சுத் தின்னுன்னு!" என்றாராம். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான் என்பார்கள். நல்ல மனுஷன், என்ன, வாரத்தில் ஐந்து நாள் லாரியிலேயே இருப்பார்.

போன வருஷம் மார்ச்சில், எண்பத்தொரு வயதில், அங்கிள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் மட்டும் வராது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு டாக்டர் சொன்னார்: முதல் மூன்று மாதம் ரொம்ப முக்கியம், பயிற்சி கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லமாகப் பாருங்கள், திங்கட்கிழமை கட்டில் காலியாக வேண்டும். விழுங்குவதைச் சோதித்த பெண், "குழைஞ்ச சாப்பாடு போகுது. நேரா உக்கார வச்சு மெதுவாக் குடுக்கணும். சாப்பிடாம எடை குறைஞ்சா மட்டும் மூக்குல குழாய் போட வேண்டியிருக்கும்" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அக்காவுக்கு உயிர் போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு மூக்கில் குழாய் போட்டார்கள். அந்தம்மா அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். கடைசியில் இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிப் போட்டார்கள். நாலு மாதம் அப்படியே கிடந்து போய்ச் சேர்ந்தாள். "ரொம்ப நேர்த்தியான முடிச்சு, தங்கச்சி. நாம விரிப்பு செருகற மாதிரி" என்று அக்கா ஒரு முறை சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்பா விஷயத்தில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எங்கப்பா கைய எவனும் கட்டக் கூடாது."

வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி போனிலேயே அக்கறையைக் கொட்டினான். ஆகவே, அந்த வாரம் என் பழைய கான்சில் காரில் நாங்கள் இரண்டு பேரும் இல்லம் இல்லமாக ஏறி இறங்கினோம். ஒன்றில் சாக்கடை நாற்றம். இன்னொன்றில் முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டுமாம். "சொல்லிட்டு வந்தா எங்க ஹோட்டல்கூட சொர்க்கம்தான்" என்று அக்கா வாசலிலேயே திரும்பிவிட்டாள். அது சரியான பேச்சு என்று நானும் நினைத்தேன்.

மூன்றாவதாகப் போனது பாசிர் பிஞ்சியில் மேட்ரன் யிப் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் நடத்தும் இல்லம். பழைய தனி வீடு. போன நேரம் மத்தியானச் சாப்பாடு. நீளமான இரண்டு மேசைகளைச் சுற்றிப் பதினாலு கிழங்கள். டிவியில் சீனக் கூத்து அலறுகிறது. ஒரு மேசையின் கால் குட்டை போலும், யார் கை வைத்தாலும் ஆடுகிறது. ஒருவர் கழுத்துத் துணியில் சோயா குழம்பு வழிகிறது. தரையைப் பார்த்தால் சோறு. நாற்காலிக்கு நாற்காலி, மேசைக்கடியில், நடைபாதையில், எங்கும் சோறு.

அக்கா கதவின் மேலே விரலை ஓட்டினாள். தூசி. ஓரடி எடுத்து வைத்தாள். செருப்பில் சோறு ஒட்டியது. ஒல்லியாக, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த மேட்ரன் யிப் எழுந்து வந்து, "உள்ள வாங்க, சாப்பிட்டாச்சா?" என்றாள். "இன்னொரு நாள் வரோம்" என்று சொல்லி அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

வெளியே வரும்போது பக்கவாட்டில் துணி உலர்த்தும் கொடி கண்ணில் பட்டது. என் புத்தி அங்கேதான் போகும், என்ன செய்ய. விரிப்பு நாலைந்துதான். மீதியெல்லாம் கால்சட்டை, சட்டை, காலுறை. சுவரோரம் வரிசையாகக் கேன்வாஸ் சப்பாத்துகள் வெயிலில் காய்ந்தன. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு எதற்கு இத்தனை காலுறை என்று யோசித்தேன். சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். காரில் அக்கா டிஷ்யூ காகிதத்தால் செருப்பிலிருந்து பருக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பன்னிக் கொட்டகை" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நாலாவது இல்லம் மலையடிவாரத்தில், புதுக் கட்டடம். தரையில் குனிந்தால் நம் மூஞ்சி தெரியும். அக்கா கதவின் மேலே விரல் வைத்தாள், ஒன்றுமில்லை. குளியலறை ஓட்டையை முகர்ந்தாள், எலுமிச்சை வாசம். மெத்தை மூலையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "நம்ம பொண்ணுங்ககூட இப்படிச் செருக மாட்டாளுங்க, தங்கச்சி!" வெளிர்நீல அங்கியில் கிழவர்களும் கிழவிகளும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். சத்தமே இல்லை. மேனேஜர் டெரிக் என்ற பையன் இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டு நீட்டினான்.

நான் கழிப்பறை தேடுவது போலப் பின்பக்கம் போய் சலவை அறையை எட்டிப் பார்த்தேன். விரிப்பு, அங்கி, விரிப்பு, அங்கி. அத்தனையும் பளீரென்று. கால்சட்டை ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்து அக்காவின் காதில் ஓதினேன்.

"அக்கா, இங்க யாரும் கால்சட்டையே போடறதில்ல போல."

"படுத்திருக்கறவங்களுக்கு எதுக்கு கால்சட்டை? இதுதான் மாத்தச் சுலபம். நீ சும்மா இரு லா."

சும்மா இருந்தேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை அங்கிள் அங்கே போய்ச் சேர்ந்தார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியதாக அவள் சொன்னாள். நானும் நிம்மதியானேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தக் காலுறைகள் என் மண்டைக்குள் காய்ந்துகொண்டே இருந்தன.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வேலை முடிந்து நேராக இல்லத்துக்குப் போனாள். அங்கிளின் அங்கிக் கழுத்தில் இரண்டு பருக்கை ஒட்டியிருந்தன. மார்பில் சோயா கறை. அவ்வளவுதான். ஹோட்டலில் மூன்று மாடி கேட்கிற குரல் அவளுக்கு. அதை அங்கே எடுத்தாள். "எங்கப்பா பொறந்ததுலேர்ந்து ஒரு பருக்கை சிந்தினவர் இல்ல! நாப்பது வருஷம் கஞ்சி ஊத்தினவரு! அவர இப்படியா வச்சிருக்கறது?" என்று கத்தினாள். அங்கிளைப் பார்த்துக்கொண்ட இந்தோனேசியப் பெண் சுகியாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் டெரிக் பத்து முறை மன்னிப்புக் கேட்டான். அதற்கப்புறம் அங்கிள் மேல் ஒரு சிறு கறைகூட இருந்ததில்லை. அக்கா என் சலவை அறைக்கு வந்து, "சத்தம் போட்டாத்தான் நடக்கும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கிள் சாப்பிடவில்லை. ஸ்பூன் கிட்டே வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அக்கா கெஞ்சினாள், கியோங் லாரியை நிறுத்திவிட்டு வந்து கெஞ்சினார். "கஞ்சிக்காரருக்குப் போய் கண்டவன் வச்ச கஞ்சியக் குடுத்தா வாயத் திறப்பாரா?" என்று சிங்கப்பூர்த் தம்பி போனில் சொன்னான். அது நியாயமாகப்பட்டது. ஊரிலேயே நல்ல கஞ்சி, அங்கிளே திட்டிக்கொண்டு வாங்கிக் குடிக்கும் போட்டிக்காரர் கடைக் கஞ்சி, தூக்குச் சட்டியில் போனது. அதற்கும் வாய் திறக்கவில்லை. பால் மட்டும் எப்படியோ கொஞ்சம் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை எடை பார்த்தார்கள். நாலு கிலோ குறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை மேனேஜர் டெரிக் ரொம்ப மரியாதையாகப் போன் பண்ணினான். வரும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் குழாய் போட நேரம் வாங்கியாயிற்று. ஒப்புதல் தாளில் மகள் கையெழுத்து வேண்டும்.

அக்கா அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்தவள், எங்கே போவதென்று தெரியாமல் என் சலவை அறைக்கு வந்தாள். கீழே இறக்கியிருந்த அழுக்கு விரிப்புக் குவியல் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அதன் மேல் யாராவது உட்கார்ந்தால் சம்பளத்தைப் பிடிப்பேன் என்று மிரட்டியவளே அவள்தான். நான் மெஷினை நிறுத்தினேன்.

"கட்டிடுவாங்க, தங்கச்சி. இடது கை நல்லாருக்கு அவருக்கு. பிடுங்குவாரு. கட்டிடுவாங்க."

அழுதாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்து அவள் அழுதது அன்றுதான். அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது துணி மட்டும்தான். அதைச் சொன்னேன். பாசிர் பிஞ்சிக் கொடியில் கண்ட கால்சட்டையையும் காலுறையையும், காய்ந்துகொண்டிருந்த சப்பாத்தையும் சொன்னேன். மலையடிவார இல்லத்தில் விரிப்பைத் தவிர வேறில்லை என்பதையும் சொன்னேன். "அங்க எந்திரிச்சு நடக்கறாங்கக்கா. இங்க படுத்தே கிடக்கறாங்க. துணி பொய் சொல்லாது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க? சும்மா இருன்னீங்க."

"நான் சொன்னா? உடனே சும்மா இருந்துடுவியா? மத்த விஷயத்துல மட்டும் அப்படியே என் பேச்சக் கேட்டுக் கிழிச்சுட்ட!"

"சரிக்கா, என் தப்பு. இப்ப மணி பதினொண்ணு. சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ப் பார்ப்போமா? சொல்லாம?"

அதுவரை அக்கா போனதெல்லாம் சாயங்காலம், இல்லத்துக்காரர்கள் ஊட்டி, துடைத்து முடித்த நேரம். சொன்னதுமே எழுந்துவிட்டாள்.

அறைக் கதவில் கண்ணாடி. வெளியே நின்று பார்த்தோம். அங்கிள் பாதி சாய்ந்த கட்டிலில் இருந்தார். சுகியாத்தி கிண்ணத்தைக் கையில் ஏந்திப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கிளின் இடது கை மெல்ல எழுந்து ஸ்பூன் பக்கம் போயிற்று. அவள் அந்தக் கையைப் பதமாகப் பிடித்து, விரிப்பின் மேல் வைத்து, தன் கையால் அமுக்கிக்கொண்டாள். பிறகு மறு கையால் ஸ்பூனை அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். அங்கிள் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அந்தக் கையை அவள் விடவே இல்லை.

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். என்ன கத்து கத்தப்போகிறாளோ என்று நான் பயந்தேன். குரல் எழும்பவே இல்லை.

"அவர் கைய ஏம்மா புடிக்கற?"

சுகியாத்தி பதறி எழுந்தாள். "சிந்திடுவாருக்கா."

"அவருக்கே சாப்பிட வருமா?"

"வந்துச்சு. மொதல் ரெண்டு நாள் இடது கையால அவரேதான் சாப்பிட்டாரு. பாதி வாயில, பாதி மேல. ஆனா முழுக் கிண்ணமும் சாப்பிட்டாரு." அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அப்புறம் நீங்க வந்து சத்தம் போட்டீங்க. அன்னிலேர்ந்து ஸ்பூன அவர் கையில குடுக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

அங்கிள் இப்போது சுவரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திட்டியது தன்னைத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. கேட்டால் சொல்ல அவருக்கு வாய் இல்லை. எனக்கு அந்த நிமிஷம் அக்காவைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"உன் மேல தப்பே இல்ல" என்று அக்கா அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே பாசிர் பிஞ்சி. வாசலில் எங்களைக் கண்டதும் மேட்ரன் யிப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஓ, மூணு நிமிஷத்துல ஓடினவங்களா! அன்னிக்கு என்ன பேயக் கண்டீங்களா?"

"செருப்புல சோறு ஒட்டிச்சு" என்றாள் அக்கா. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு.

"ஒட்டத்தான் செய்யும். பதினாலு பேருக்குப் பக்கவாதம், பதினாலு பேரும் தானே எடுத்துச் சாப்பிடறாங்க. சாப்பிட்டு முடிச்சதும் துடைப்போம். நீங்க நடுவுல வந்துட்டு நடுவுலயே போயிட்டீங்க."

இந்த முறை அக்கா கதவின் மேல் விரல் வைக்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியாகப் போனாள். அவர்களுடைய கைகளைப் பார்த்தாள், அனுமதி கேட்டுக் குதிகாலில் புண் இருக்கிறதா என்று பார்த்தாள், கூப்பிடும் மணி கைக்கு எட்டுகிறதா என்று தானே அழுத்திப் பார்த்தாள். அழுத்தின அரை நிமிஷத்தில் ஒரு பெண் ஓடி வந்து திட்டிவிட்டுப் போனாள். ஒரு கிழவரிடம், "இங்க சாப்பாடு எப்படி?" என்று கேட்டாள். "உப்பு இல்ல. அந்தக் கிழவி போட விடமாட்டா" என்று அவர் மேட்ரனைக் காட்டினார். நான் இந்தத் தடவை ஒளியாமல் மறையாமல் கொடியடியில் போய் நின்று காலுறைகளைத் தொட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் தேய்ந்திருந்தன. நடக்கிற காலுக்குத்தான் அப்படித் தேயும்.

ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதிலிருந்தவர் முந்தாநாள்தான் கம்பு ஊன்றி நடந்து வீட்டுக்குப் போனாராம். மேட்ரன் ஒப்புதல் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"விழுங்க முடியும்னு எழுதியிருக்காங்களே. அப்ப நாளைக்கே கூட்டிட்டு வாங்க. புதன்கிழமைக்குள்ள அரைக் கிண்ணம் போச்சுன்னா டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். போகலன்னா வியாழக்கிழமை குழாய்தான். பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

"வேற ஏதாவது விதி இருக்கா?"

"சொந்தக்காரங்களுக்கு ரெண்டு. ஊட்டக் கூடாது. துடைக்கக் கூடாது."

அக்கா சுற்றிலும் பார்த்தாள். "கதவு மேல தூசி இருக்கு" என்றாள், அடக்க முடியாமல்.

"அத வேணும்னா துடைங்க. புண்ணியமாப் போகும். மேசைக்கிட்ட மட்டும் வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் இடம் மாறினார். வீட்டிலிருந்து அவருடைய காக்கிக் கால்சட்டையும் கேன்வாஸ் சப்பாத்தும் போயின. அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை நாலு வாய். செவ்வாய்க்கிழமை மகளைக் கண்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். அக்கா வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டு, "என்னப் பாத்துத்தான் வச்சுட்டாரு" என்றாள். நாளைக்கு வரவே வேண்டாமோ என்றாள். நான்தான் திட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேருமாக லீவு போட்டோம்.

புதன்கிழமை மத்தியானம் அங்கிளை மேசையருகே நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள், பாதம் தரையில் பதிய. ஈரத் துண்டின் மேல் கிண்ணம், வழுக்காமலிருக்க. ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கியிருந்தது. குழையக் குழைய வேகவைத்த சோறு, மேலே ஆவியில் வெந்த முட்டை, கொத்துக் கறி. டிவியில் அதே கூத்து. அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கைப்பையில் அந்தத் தாள் இருந்தது.

அங்கிள் ஸ்பூனை எடுத்தார். கை ஆடியது, மேசையும் ஆடியது. பாதி வழியில் எல்லாம் கவிழ்ந்து சட்டையிலும் தரையிலும் கொட்டிற்று. அவர் அப்படியே நிறுத்திவிட்டு, மகளைப் பார்த்தார். எண்பத்தொரு வயது மனிதர் ஒரு குழந்தை திட்டுக்குக் காத்திருப்பது போலப் பார்த்தார்.

அக்காவின் தோள் துடித்தது. கை தொடைக்கடியிலேயே இருந்தது.

"மெதுவா, அப்பா" என்றாள். "எனக்கொண்ணும் அவசரமில்ல. இன்னிக்கு லீவு."

இரண்டாவது ஸ்பூன் தாடையில் இடித்தது. மூன்றாவது போயிற்று. நான் மூச்சு விட்டேன். அதற்கப்புறம் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. பக்கத்து நாற்காலிக் கிழவர் தன் கிண்ணத்தை முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். அரைக் கிண்ணம் தாண்டியதும் மேட்ரன் யிப் தூரத்திலிருந்தே கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கக்கூடக் கையை வெளியே எடுக்கவில்லை.

அங்கிள் ஸ்பூனை வைத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். அவர் சப்பாத்தைச் சுற்றிலும் சோறு. அதை இடது கை விரலால் சுட்டிக் காட்டினார். பிறகு அந்த விரலைத் தூக்கி, தன் கன்னத்தில் ஒரு குத்து, இன்னொரு குத்து, புள்ளி புள்ளியாகக் கன்னம் முழுக்கக் குத்திக் காட்டினார்.

அக்கா அழுகையோடே வாயைப் பிளந்தாள்.

"அடப் பாவி மனுஷா! இந்த வயசுல எவளக் கட்டிக்கப்போறீங்க, அவ மூஞ்சியப் பத்தி இப்பக் கவலப்படறதுக்கு?"

அங்கிளின் பாதி வாய் மேலே ஏறிற்று. தோள் குலுங்கிற்று. சத்தம் வரவில்லை, ஆனால் சிரிப்பேதான். பக்கத்துக் கிழவர் என்ன ஏதென்று தெரியாமலே கூடச் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள்.

மேசை மறுபடி ஆடியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். கையெழுத்துப் போடாத அந்தத் தாளை எடுத்து இரண்டாக, நாலாக, எட்டாக, மூலை பிசகாமல் விரிப்பு மடிப்பது போல மடித்தாள். குனிந்து, சோற்றில் ஒரு பருக்கையையும் தொடாமல், மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் அதைச் செருகினாள்.

மேசை நின்றுவிட்டது. அங்கிள் மறுபடி ஸ்பூனை எடுத்தார்.